மாதா பெட்டியும் என் மூக்கும்

இதை எழுதவேண்டும் என்று உட்காருவதும், பிறகு வேண்டாம் என்று எழுந்து மாட்டை அவிழ்த்துக் கட்டப் போவதுமாகப் பல வருஷங்கள் போய்விட்டன. மூக்கைப் பற்றி என்ன எழுதுவது என்ற கூச்சம் ஒரு பக்கம். நெஞ்சுவலி, வயிற்றில் கட்டி என்றால் கேட்கிறவர்கள் முகம் மாறும்; மூக்கு என்றால் சிரிப்பார்கள். இன்னொரு பக்கம், இதை உள்ளது உள்ளபடி எழுதினால் செத்துப்போன என் தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் ஊர் கொடுத்துவைத்த பெருமையில் கை வைக்கவேண்டி வரும். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதினது நிற்கும். அதனால்தான் இத்தனை தயக்கம். நான் ஐந்தாவது வரை படித்தவன். மாதாவை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் ஆவூருக்குத் தெற்கே, கடலையும் கேழ்வரகும் விளைகிற மேட்டாங்காட்டு ஊர். கோயில் சின்னதுதான். ஆனால் எங்கள் வியாகுல மாதா சுரூபம் சுற்று வட்டாரத்தில் பேர்போனது. பெரிய வெள்ளிக்கிழமை மாதாவைச் சப்பரத்தில் தூக்கிவரும்போது உடுத்துகிற கறுப்பு வெல்வெட்டு அங்கியும் நீல முக்காடும் ஒரு தேக்குப் பெட்டியில் இருக்கும். மாதா பெட்டி என்று பேர். அந்தப் பெட்டி கோயிலில் இருப்பதில்லை, எங்கள் வீட்டில்தான் இருந்தது. சாவி வீட்டு ஆண்பிள்ளையிடம். மாதாவுக்கு உடுத்திவிடுவது வீட்டுப் பெண்பிள்ளை. என் மனைவி அன்னம்மாள் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து உடுத்திவந்தாள். திரைக்கு உள்ளே போய் முதலில் செபமாலை சொல்லிவிட்டுத்தான் ஊசியைத் தொடுவாள்.

நாற்பது நாள் தபசு காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின சனிக்கிழமை பெட்டியைத் திறந்து உடுப்புகளை உதறிக் காற்றாட விடுவோம். அப்போது எங்கள் வீட்டு ஆணுக்குக் கண்ணீர் வரும். இது ஊர் அறிந்த விஷயம். பாட்டனாருக்கு வந்தது, அப்பாவுக்கு வந்தது, எனக்கும் வந்தது. சும்மா ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லை. தாரை தாரையாக வழியும், தும்மல் விடாது, முகம் சிவந்துவிடும். தபசு காலம் பிறக்கும் முன்னேயே மாதா தன் துக்கத்தில் இந்த வீட்டுக்குப் பங்கு கொடுக்கிறாள் என்று சனங்கள் சொல்வார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருவார்கள். என் துண்டின் நனைந்த ஓரத்தைத் தொட்டுப் பிள்ளைகள் நெற்றியில் ஒற்றிக்கொண்ட தாய்மார்கள் உண்டு.

பாட்டனாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் அப்பா, இளையவர் சித்தப்பா. பெட்டி யாருக்கு என்று வந்தபோது இருவரையும் திறக்கச் சொல்லிப் பார்த்தார்களாம். அப்பாவுக்குக் கண்ணீர் வந்தது, சித்தப்பாவுக்கு வரவில்லை. அதோடு தீர்ந்தது. சித்தப்பா மகன்தான் அருளப்பன், என்னைவிட இளையவன். அவன் ஒவ்வொரு வருஷமும் பெட்டி திறக்கும்போது முன்னால் வந்து நின்று, உதறுகிற உடுப்புக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோவான். ஒன்றும் வராது. கண் இரண்டும் காய்ந்தே இருக்கும். அவன் வீட்டுக்குப் போகும்போது முதுகைப் பார்த்தாலே தெரியும், மனம் எரிகிறது என்று. எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது, மறைக்கவில்லை.

ஆனால் என் மூக்கு வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. முதலில் அந்த ஒரு நாள்தான் தும்மல். பிறகு தபசு காலம் முழுக்க. அப்புறம் வருஷம் பூராவும். காலையில் பாயிலிருந்து எழுந்தால் சரமாகத் தும்முவேன், மூக்கிலிருந்து தண்ணீராய்க் கொட்டும். வெயில் ஏறினால் அடைத்துக்கொள்ளும். வாயால்தான் மூச்சு. மணம் போனது, கூடவே ருசியும் போனது. கருவாட்டுக் குழம்பும் கஞ்சித் தண்ணியும் எனக்கு ஒன்றுதான். அன்னம் உப்புப் போட மறந்தால்கூடப் பேசாமல் சாப்பிட்டுவிடுவேன், அவள்தான் பிறகு வாயில் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள்.

நொச்சி இலை ஆவி பிடித்தேன். மஞ்சளைச் சுட்டுப் புகை இழுத்தேன். ஓமப் பொட்டணத்தை மூக்கிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். புதுக்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் மூக்கில் விடுகிற சொட்டு மருந்து கிடைத்தது. விட்டதும் மூக்கு திறந்து சொர்க்கம் போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் முன்னைவிட மோசமாக அடைத்தது. மறுபடி விட்டேன். இப்படியே அந்தக் குப்பி இல்லாமல் கிணற்றடிக்குக்கூடப் போகமுடியாத நிலைமை ஆகிவிட்டது.

அந்த நாட்களில் எனக்கு ஊரில் உள்ள எல்லா மூக்கின் மேலும் பொறாமை. அதிலும் அருளப்பன் மூக்கு! நீளமான, காய்ந்த, திறந்த மூக்கு. செக்குக்குப் பக்கம் போய் நின்று, இது போன வருஷத்துக் கடலை, இது புதுக் கடலை என்று மூச்சை இழுத்தே சொல்வான். கோயிலில் எனக்கு முன் வரிசையில் முழங்காலில் இருந்து, வாயை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல் மூச்சு விடுவான். எனக்குச் செபத்தில் புத்தி போகாது. மாதாவே, கண்ணீரை எனக்குக் கொடுத்தாய், மூச்சை அவனுக்குக் கொடுத்தாயே என்று வயிறெரியும்.

ஒருநாள் வெளிச்சத்தில் உட்காரவைத்து அன்னம் என் மூக்கைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “உள்ள என்னமோ உரிச்ச நுங்கு மாதிரி வெளுப்பாத் தெரியுதுங்க” என்றாள். அன்றைக்கு அவள் அடுப்பு மூட்டவில்லை. புற்று என்று இருவருமே நினைத்தோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே மூக்கு தொண்டை காது பார்க்கிற டாக்டர் அறைக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. காத்திருக்கும்போது நான் செய்த வேலை, ஒவ்வொருவர் வாயும் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். வாய் மூடியிருந்தவர்கள் மேல் எரிச்சல் வந்தது. மூக்கு சரியாக இருக்கிறவனுக்கு இந்தப் பெஞ்சில் என்ன வேலை என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அவர்களெல்லாம் காதுக்கு வந்தவர்கள்.

டாக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தை அதில் வாங்கி என் மூக்குக்குள் பாய்ச்சிப் பார்த்தார். புற்று இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார், அவருக்கு மாதா ஆயுசைக் கொடுக்கட்டும். மூக்கின் உள்தோல் ரொம்ப நாள் வீங்கி வீங்கி, நீர் கோத்து, சதையாகத் தொங்கிவிட்டது என்றார். பிறகு படம் எடுத்தார்கள். கன்னத்து எலும்புக்குள் காற்று இருக்கவேண்டிய சின்ன அறைகள் எல்லாருக்கும் உண்டாம். படத்தில் அவை கறுப்பாகத் தெரியவேண்டும். எனக்கு வெள்ளையாக இருந்தன. சளி தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் குனிந்து களை எடுக்கும்போது கன்னமும் நெற்றியும் கனத்திருக்கிறது.

இதற்கெல்லாம் வேர் எது என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். எப்போது அதிகம், எங்கே படுக்கிறீர்கள், தலையணையில் என்ன பஞ்சு, வீட்டில் யாருக்காவது இரைப்பு உண்டா. அப்பா இரைப்பில்தான் போனார் என்றேன். பெட்டியைப் பற்றி நான் சொல்லவில்லை. அது வியாதிக் கணக்கில் சேராது என்று நினைத்தேன். அன்னம்தான் சொன்னாள். தபசு காலத்துப் பெட்டியை, கண்ணீரை, எல்லாம் சொல்லிவிட்டு, “ஆனா அது வியாதி இல்லீங்க டாக்டர். அது மாதா குடுத்தது” என்று முடித்தாள்.

டாக்டர் சைவக்காரர், நெற்றியில் விபூதிக் கீற்று இருந்தது. அவர் சிரிக்கவில்லை. பெட்டி எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்டார். என் தலைமாட்டில் என்றேன். வேறு எங்கே வைப்பது? மாதா உடுப்பை மாட்டுக் கொட்டகையிலா வைக்கமுடியும்? அவர் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு, பெட்டிக்குள் சுற்றியிருக்கிற பழைய துணியில் ஒரு கிழிசலைக் கொண்டுவரும்படி அன்னத்திடம் சொன்னார். அவள் ஊருக்குப் போய், பெட்டிக்கு முன் முழங்காலிட்டு உத்தரவு கேட்டுவிட்டு, உடுப்பைத் தொடாமல் உறைத் துணியில் ஒரு ஓரத்தைக் கிழித்து வந்தாள்.

அந்தத் துணியின் தூசியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டினார்கள். என் முன்கையில் ஊசியால் லேசாகக் கீறி அதில் ஒரு சொட்டு வைப்பது. தூரத்தில் இன்னொரு கீறலில் வெறும் உப்புத் தண்ணீர். எது தடிக்கிறது என்று பார்ப்பார்கள். இதை டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்யலாம், சிலருக்கு மூச்சு முட்டிவிடுமாம். வீட்டில் யாரும் செய்துபார்க்க வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து அருளப்பன் வந்து சேர்ந்தான், கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு. வியாதி இல்லாத ஒருவர் கையிலும் கீறிப் பார்த்தால் நல்லது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அன்னம் வளையலை மேலே தள்ளிவிட்டு வந்தாள். அதற்குள் அவன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டான்.

“மதினி எதுக்கு, நான் இருக்கேன்ல. எனக்கும் அதே ரத்தந்தானே. கீறுங்க டாக்டர்.”

இருவர் கையையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் என் கீறல் அரித்தது. சிவந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு தடிப்பு எழும்பிப் பெரிய காசு அளவு ஆயிற்று. உப்புத் தண்ணீர் வைத்த இடம் அப்படியே இருந்தது. அருளப்பன் கையில் ஒன்றும் இல்லை. அவன் தன் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த மேஜை மேலேயும் மாதா என்னைத்தான் தொட்டாள் என்று நினைத்தேன்.

“கொஞ்சம் ஆழமாக் கீறியிருந்தா எனக்கும் வந்திருக்குங்களா?” என்று அருளப்பன் கேட்டான்.

“வராம இருக்கிறதுதாங்க நல்லது” என்றார் டாக்டர். என் தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். “இவருக்கு வந்திருக்கே, இதுதான் வியாதி.”

பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். தூசி எல்லாருடைய மூக்கிலும்தான் போகிறது. பழைய துணித் தூசி, இலவம்பஞ்சுத் தூசி, பூச்சிகளின் கழிவு, பூஞ்சணம், இவை பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. சிலர் உடம்பு மட்டும் அதை எதிரி என்று எண்ணிக்கொண்டு சண்டைக்கு நிற்கிறது. தண்ணீரைக் கொட்டி வெளியே தள்ளப் பார்க்கிறது, தும்மித் துரத்தப் பார்க்கிறது, கதவை அடைக்கிறது மாதிரி மூக்கை அடைத்துக்கொள்கிறது. இதற்கு ஒவ்வாமை என்று பேர், அலர்ஜி என்றும் சொன்னார். இது தொற்றாது. ஆனால் ரத்தத்தில் இறங்கி வரும், அதுவும் எல்லாப் பிள்ளைக்கும் வராது. பார்க்காமல் விட்டால் சிலருக்கு மூக்கில் சதை வைக்கும், சிலருக்கு நெஞ்சில் இரைப்பாக இறங்கும்.

அன்னம், “இவுகளுக்குச் சரிங்க. இவுக அப்பாருக்கு வந்த கண்ணீரு?” என்று கேட்டாள்.

“அவரை நான் பாக்கலையேம்மா” என்றார் டாக்டர்.

பெட்டி இனி என் வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்றார். அதையும் அருளப்பன் முன்னாலேயே சொன்னார். “நான் பாத்துக்கிறேண்ணே, நீங்க ஒடம்பப் பாருங்க” என்று அவன் என் தோளைத் தொட்டான். பாசமாகத்தான் சொன்னான். அந்தப் பாசத்தில்தான் எனக்கு அதிகமாக எரிந்தது.

கன்னத்து அறையைக் கழுவினது முதலில். மூக்கில் மரத்துப்போகிற மருந்தில் நனைத்த பஞ்சுத் திரியை வைத்து, பிறகு உள்ளுக்குள்ளேயே ஒரு தடித்த ஊசியை எலும்பில் குத்தி இறக்குகிறார்கள். வலி பெரிதில்லை, சத்தம்தான் பயங்கரம், முட்டை ஓடு நொறுங்குவது போலத் தலைக்குள் கேட்கும். உப்புத் தண்ணீர் விட்டதும் முன்னால் பிடித்த கிண்ணத்தில் கெட்டிச் சளி விழுந்தது. அதன் நாற்றத்தில் நர்ஸ் அம்மாள் முகத்தைத் திருப்பினார்கள். எனக்கு நாற்றமும் இல்லை. அந்த நாற்றத்தை முகர்கிற அந்த அம்மாள் மூக்கின் மேலும் பொறாமைப்பட்டேன் என்றால் நம்புவீர்களா?

பிறகு சதை எடுத்தது. நாற்காலியில் உட்காரவைத்தே, கம்பிச் சுருக்கு ஒன்றை உள்ளே விட்டு, சதையின் காம்பில் மாட்டி இறுக்கி இழுத்தார்கள். கிண்ணத்தில் பார்த்தேன். அன்னம் சொன்னது சரி, நுங்குதான். ரத்தம் நிற்க இரண்டு மூக்கிலும் நீளத் துணிப்பட்டையை மடித்து மடித்துத் திணித்தார்கள். அந்தத் துணியோடு கிடந்த நாட்கள்தான் எனக்கு ஆஸ்பத்திரி நாட்கள். வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டும். விழுங்கினால் காது அடைக்கும். படுக்கமுடியாது, சாய்ந்தே இருக்கவேண்டும். இந்தத் துணியை எடுத்த பிறகும் மூச்சு வராவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம். அன்னம் நனைத்த துணியால் உதட்டைத் தொட்டுத் தொட்டு எடுப்பாள், கைவிசிறி ஓயாது. பக்கத்துக் கட்டில்காரர் திருமயம் பக்கத்து பஸ் கண்டக்டர், காது ஆபரேஷனுக்கு வந்தவர். அவர் தன் வீட்டிலிருந்து வந்த இளநீரை எனக்கும் ஊற்றிக்கொடுப்பார். நான் வாயால் இழுக்கிற மூச்சைக் கேட்டு, “அண்ணே, மேட்டுல ஏறுற பஸ் மாதிரியே இருக்கு” என்பார். சிரித்தால் மூக்கில் வலிக்கும்.

நான் அப்படிக் கிடந்தபோது பங்குச் சாமியார் உத்தரவுப்படி பெட்டி அருளப்பன் வீட்டுக்குப் போயிற்று. சாவியைக் கொடுக்க அன்னம்தான் ஊருக்குப் போய்வந்தாள். திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மாதாவுக்கு இனி உடுத்திவிடப்போவது அருளப்பன் பெண்டாட்டி ஞானம்மாள். அன்னம் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஒங்க மூக்கு நல்லாகுறதுக்கு எங் கைதாங்க வெட்டுப்பட்டுப் போச்சு.”

நான் கைவிசிறியை எடுத்து அவளுக்கு வீசினேன்.

துணியை உருவியது ஒரே நாளில். குடலையே மூக்கு வழியாக இழுப்பது போல இருந்தது, கண்ணில் நீர் கொட்டியது. அந்தக் கண்ணீரை யாரும் நெற்றியில் ஒற்றிக்கொள்ளவில்லை. பிறகு மூச்சு உள்ளே போயிற்று. குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் தலைக்குள் இறங்கியது போல இருந்தது. சில நாள் கழித்து வார்டு கழுவ ஊற்றின பினாயில் மணம்தான் முதலில் வந்தது. நான் அதை மல்லிகைப் பூவைப் போல இழுத்து இழுத்து முகர்ந்தேன். மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னவை இவை. சொட்டு மருந்தை நாட்கணக்கில் விடக்கூடாது, அதுவே அடைப்பை உண்டாக்கும். காய்ச்சி ஆறின தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு மூக்கைக் கழுவலாம். பாயையும் போர்வையையும் வெயிலில் போடவேண்டும். இலவம்பஞ்சுத் தலையணை வேண்டாம். கடலைக் கொடி அடிக்கும்போதும் வீடு கூட்டும்போதும் நனைத்த துணியை மூக்கில் கட்டவேண்டும். தும்மலுக்குக் கொடுத்த மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும், அதைப் போட்டுக்கொண்டு மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலையை ஓட்டவோ கிணற்றில் இறங்கவோ கூடாது. முழுக்கத் தீர்கிற வியாதி இல்லை, கட்டி மேய்க்கிற வியாதி. சதை மறுபடி வளரலாம், வந்து காட்டவேண்டும்.

அடுத்த தபசு காலத்துக்கு முந்தின சனிக்கிழமை அருளப்பன் வீட்டு வாசலில் பெட்டி திறந்தார்கள். நான் தெருவின் மறுபக்கம் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றேன். அருளப்பன் அங்கியை எடுத்தான், உதறினான், முகத்தருகே கொண்டுபோனான். வரவில்லை. “எறங்க மாட்டேங்குதே” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். துணிக்குள்ளே நான் சிரித்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் அவன் மகள் பிலோமி தாயோடு சேர்ந்து முக்காட்டை விரித்தாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை. ஒரு தும்மல் தும்மினாள். பிறகு அடுக்கடுக்காக. கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. கூட்டம் அப்படியே முழங்கால் போட்டது. வரம் வீடு மாறிவிட்டது என்றார்கள். ஒரு தாய் பிலோமியின் பாவாடை ஓரத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டாள். அருளப்பன் கண்ணிலும் நீர் வந்தது, ஆனால் அது வேறு நீர். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அது வியாதி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. என்னிடமிருந்து எடுத்து அவன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள் என்றுதான் மனம் சொல்லிற்று.

அருளப்பன் பெட்டியை மகளுடைய தலைமாட்டுக்கு மாற்றிவைத்தான். வரம் பெற்ற பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும் என்று. நான் கோயிலில் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வாய் திறந்தே இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. உள்ளங்கையால் மூக்கு நுனியை மேலே மேலே தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தது. ஞானோபதேச வகுப்பில் தூங்கி விழுந்தாள், பக்தியில் மயங்குகிறாள் என்றார்கள். மழைக்காலத்தில் ஒருநாள் கோயில் படி ஏறி வந்து நின்று, நெஞ்சுக்குள் விசில் ஊதுவது போல மூச்சு வாங்கினாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் அப்பா கடைசி வருஷங்களில் அந்தச் சத்தத்தோடுதான் இருந்தார். துக்கத்தின் கனம் என்று சொல்லி நாங்கள் செபமாலை சொன்னோமே தவிர, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை.

அன்று சாயந்திரமே அருளப்பன் வீட்டுக்குப் போனேன். இது எனக்கு வந்ததுதான், நெஞ்சில் இறங்க ஆரம்பித்துவிட்டது, பிள்ளையை டாக்டரிடம் காட்டு, பெட்டியை அங்கிட்டு எடுத்துவை என்று சொன்னேன். ஞானம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அருளப்பன் கோபப்படவில்லை. அமைதியாகத்தான் கேட்டான்.

“ஒங்க வீட்டுக்கு வந்தா வரம், எம் மகளுக்கு வந்தா வியாதியாண்ணே?”

நான் எழுந்து வந்துவிட்டேன். அவன் கேட்டது நியாயம். என் பொறாமை அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பொய்யைச் சொல்லியிருந்தால் இப்படி வெட்கப்பட்டிருக்க மாட்டேன். உண்மையைச் சொல்லும்போதும் என் வாயில் பொறாமையின் நெடி அடித்தது.

அவனுக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு என்று எனக்குப் புரிந்தது. அதைச் சொல்ல அந்த வாரம் முழுக்க மனம் வரவில்லை. அன்னத்திடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனங்கள் கோயில் முற்றத்தில் நிற்கும்போது நடுவில் போய் நின்றேன். அருளப்பனைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“எனக்கு வந்ததும் வியாதிதான் தம்பி. எங்க அப்பாருக்கு வந்ததும், நம்ம பாட்டனாருக்கு வந்ததும் அதேதான். எங்க வீட்டுல வரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிள்ளையக் கொண்டுபோயிக் காட்டு.”

பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வேறு பக்கம் பார்த்தார். சித்தப்பா காலத்து ஆள் ஒருவர், அப்படின்னா பெட்டியை எதுக்கு ஒங்கப்பனுக்குக் குடுத்தோம் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். அன்னம் எனக்கு முன்னால் விறுவிறு என்று வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. அதற்கு மறுநாள் காலையில் பார்த்தால் சேலை மாற்றிக்கொண்டு நிற்கிறாள்.

“ஞானத்துக்கு ஆஸ்பத்திரில எங்கிட்டுப் போகணும்னே தெரியாது. நான் போயிட்டு வாரேன்” என்றாள். பிலோமியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினது அவள்தான்.

பிள்ளைக்குச் சதை எதுவும் எடுக்கவேண்டி வரவில்லை. சீக்கிரம் வந்தது நல்லது என்றாராம் டாக்டர். மருந்திலும் கவனத்திலும் தேறினாள். இப்போது கல்யாணமாகி அன்னவாசல் பக்கம் இருக்கிறாள். பெட்டியைச் சாமியார் கோயிலிலேயே பூசை உடுப்பு வைக்கிற அறையில் வைத்துவிட்டார். திறக்கிற நாளில் யாரும் அழுவதில்லை, கூட்டமும் குறைந்துவிட்டது. சாவியும் உடுத்திவிடுகிற உரிமையும் அருளப்பன் வீட்டிலேயே இருந்துவிட்டன, திருப்பிக் கேட்க எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. பெரிய வெள்ளிக்கிழமை சப்பரம் வரும்போது ஞானம்மாள் போட்ட மடிப்பு கோணலாக இருக்கிறது என்று அன்னம் முணுமுணுப்பாள். எனக்கும் கோணலாகத்தான் தெரியும். அருளப்பன் சப்பரத்தின் வலதுபக்கம், என் இடத்தில், வாயை மூடிக்கொண்டு நடப்பான். இந்த வருஷமும் எரிந்தது. நானும் இப்போது வாயை மூடிக்கொண்டுதான் நடக்கிறேன் என்பதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுதல். புதிதாக வந்த உபதேசியார் நான் எழுதிவைத்ததை வாங்கிப் படித்துவிட்டு, திருநாளில் வாசிக்கலாம் என்று பிரதி எடுத்தார். அதில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாதா கனவில் வந்து என் மூக்கைத் தொட்டதாகச் சேர்த்திருந்தார். பொறாமைப்பட்டதை எல்லாம் எடுத்துவிட்டு, நான் அருளப்பன் மேல் அன்பு வைத்திருந்ததாக எழுதியிருந்தார். நல்ல மனசோடு செய்தார். ஆனால் மூக்கில் துணி அடைத்துக் கிடந்தவனுக்குத் தூக்கமே இல்லை, கனவு எங்கிருந்து வரும்? மாதா எனக்கு உதவி செய்தாள் என்று நான் நம்புகிறேன். எப்படிச் செய்தாள் என்பதை மேலே எழுதிவிட்டேன், அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

ஆகவே இதை உங்கள் சொந்தக்காரர்களுக்கு, தும்முகிறவர்களுக்கு, தும்முகிற பிள்ளையை வைத்திருக்கிறவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், என்னை நல்லவனாக்கவும் வேண்டாம். இதை மாதா செய்த அற்புதம், ஒரு புதுமை என்று ஆக்கிவிட்டால், எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளையைக் கட்டிலில் வைத்துக்கொண்டு புதுமைக்காகக் காத்திருப்பார்கள். மூச்சு அவ்வளவு நேரம் காத்திருக்காது.